கம்போடியா போகுமுன் காதால் படித்த வரலாறு

நம்மூர்க்காரர்கள் கம்போடியா போவது பெரும்பாலும் அங்கோர் வாட் பார்க்கத்தான். கோயிலுக்கு நல்ல கைடு ஒருவர் போதும். ஆனால் தலைநகர் நோம் பென்னில் எதுவும் தெரியாமல் போய் நின்றால் பாதி புரியாது. அந்த நாட்டின் கதையை நான் படித்தது முழுக்கக் காதால்தான், பாட்காஸ்ட் நிகழ்ச்சிகளாக, சென்னை விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வேலைக்குப் போய்வரும் நேரத்தில். தண்டையார்பேட்டையில் ரயில் சுரங்கத்துக்குள் போய்விடும். அதனால் சிக்னலை நம்பாமல் முதல் நாளே டவுன்லோடு செய்துவிடுங்கள்.

எழுபதுகளில் அந்த நாட்டை ஆண்டு லட்சக்கணக்கானவர்களைச் சாகடித்த போல் பாட்டை எடுத்த எடுப்பில் தேடாதீர்கள். அங்கே ஆரம்பித்தால், எங்கிருந்தோ திடீரென்று ஒரு பேய் கிளம்பி வந்த மாதிரி இருக்கும். 1953இல் பிரான்சிடமிருந்து விடுதலை, பக்கத்து வியட்நாமில் போர், 1970இல் நாட்டுத் தலைவர் சிஹானூக்கைக் கவிழ்த்த ஜெனரல் லோன் நோல், 1973 வரை கிராமங்கள் மேல் விழுந்த அமெரிக்கக் குண்டுகள் என்று வரிசையாகக் கேளுங்கள். அப்புறம்தான் 1975 ஏப்ரல் 17 அன்று போல் பாட்டின் கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் படை நோம் பென்னுக்குள் வந்தபோது, போர் முடிந்தது என்று ஜனங்கள் ஏன் தெருவுக்கு வந்து வரவேற்றார்கள் என்பது பிடிபடும். 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை நுழையும்வரை அந்த ஆட்சி நடந்தது. பசி, நோய், கொலை என்று 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள்.

கெமர் பெயர்கள் காதில் தங்காது. 1953, 1970, 1975, 1979 என்று நான்கு வருடங்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு, கேட்கிற பெயரையெல்லாம் அதனதன் வருடத்துக்குக் கீழே போட்டுவந்தேன். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கும் இது உதவும்.

கேட்டதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வியாசர்பாடியில் எங்களுக்குத் தெரிந்த ஆயா ஒருவர், அறுபதுகளில் பர்மாவை விட்டு வந்தவர். கெமர் ரூஜ் படை உள்ளே வந்ததும் நோம் பென் ஜனங்களை ஒரேயடியாக வெளியேற்றிய கதையைச் சொன்னதும், "என்னா சொல்லி அனுப்புனாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். அமெரிக்கா குண்டு போடப்போகிறது, ரெண்டு மூணு நாளில் திரும்பிவிடலாம் என்று சொன்னார்கள் என்றேன். "சாவி எடுத்துனு போயிருப்பாங்க" என்றார். எந்த நிகழ்ச்சியும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

பின்னணியில் திகில் இசை ஓடும் நிகழ்ச்சிகளைத் தள்ளிவிடலாம். தப்பிப் பிழைத்தவர்களின் பேச்சும், கெமர் ரூஜ் தலைவர்களை விசாரிக்க ஐ.நா. துணையோடு நடந்த தீர்ப்பாயத்தின் சாட்சியங்களும் போதும். 2022இல் அந்த விசாரணை முடிந்தபோது தண்டனை பெற்றிருந்தவர்கள் மூன்றே பேர். சாட்சியங்களைப் படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

நோம் பென்னில் கெமர் ரூஜ் சிறையாக்கி, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் துவோல் ஸ்லெங் முன்பு ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைக்குள் செங்கல் வைத்துத் தடுத்த சின்னச் சின்ன அறைகள், யாரும் குதித்துச் சாகாதபடி தாழ்வாரத்தை மூடிய முள்கம்பி வலை, பிள்ளைகள் உடற்பயிற்சி செய்த மரச்சட்டத்தில் மனிதர்களைக் கட்டித் தொங்கவிட்ட இடம். ஏற்கெனவே கேட்டிருந்ததால் பலகைகளைப் படித்துக்கொண்டு நிற்காமல் இவற்றைப் பார்க்க முடிந்தது. அந்தச் சிறைக் கைதிகளைக் கொன்று புதைத்த சோயுங் ஏக் புதைகுழிகளுக்கு அங்கேயே ஆடியோ கைடு கிடைக்கும், கட்டாயம் வாங்குங்கள். முடிந்தால் இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். வயதான டுக் டுக் ஓட்டுநரிடம் வீட்டில் யார் செத்தார்கள் என்று நீங்களாகக் கிளறவும் வேண்டாம். அங்கோரை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.