அப்பாவும் எஸ்டபிள்யூ 110-உம்

எங்கள் ஸ்டோரில் கிடந்த பெட்டி டிவி 2019-லேயே வேலையை விட்டுவிட்டது. அந்த வருஷம்தானே பழைய அனலாக் ஒளிபரப்பை மலேசியா முழுக்க நிறுத்தினார்கள். ஒரு டீகோடர் மாட்டியிருந்தால் ஓடியிருக்கும். ஆனால் வீட்டுக்காரருக்கு அது சாக்கு, சுவரில் மாட்டுகிற டிவி வாங்கி வந்துவிட்டார். "படம் வராட்டி என்ன, உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று அப்பா பழையதை ஸ்டோரில் குடிவைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு ஐஸ் பெட்டி, என் கல்யாணச் சீர் மிக்ஸி, யாருடையது என்றே தெரியாத இரண்டு அயர்ன்பாக்ஸ். துடைப்பம் எடுக்கப் போனால் எதையாவது தாண்டித்தான் போக வேண்டும்.

எங்கள் பகாவில், பழைய பேப்பரும் பழைய சாமானும் வாங்குகிற 'பேப்பர் லாமா' லோரி வராத நாளா? ஒலிபெருக்கியில் அவன் "டிவி லாமா, ஆய்ர்கோன் லாமா" என்று ராகம் போடும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். அப்பா கேட்டருகே போய் நின்றுகொள்வார். "அவன் டிவிக் குழாயை உடைச்சுப் போட்டுட்டு உள்ள இருக்கிற செம்பை மட்டும் உருவுவான். அந்தக் கண்ணாடியில ஈயம் இருக்கு, தெரியுமா?" ஐஸ் பெட்டி என்றால் இன்னும் மோசமாம். கம்ப்ரசர் குழாயை வெட்டினால் கேஸ் எல்லாம் வானத்துக்குப் போய்விடும், நம் பெட்டியில் இருப்பது ஓசோனைத் தின்கிற பழைய ஆர்-12. ஒயரைச் செம்பனைக் காட்டுக்குள் கொண்டுபோய் எரித்தால் வருகிற புகையைப் பற்றித் தனியாக ஒரு சொற்பொழிவு உண்டு. சரி, குப்பை லோரிக்காவது போடலாமா? 2015-இல் குப்பையைப் பிரித்துப் போடச் சொன்னதிலிருந்து வாரத்தில் ஒரு நாள் பெரிய சாமான்களையும் எடுக்கிறார்களே என்றேன். "அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

தோட்டத்தில் இஞ்சின் ஓட்டியவர் அவர். சாயந்தரம் அவர் இஞ்சினைக் கிளப்பினால்தான் லயத்தில் விளக்கு எரியும், ராத்திரி பத்து மணிக்கு அவர் நிறுத்தினால் உலகமே இருட்டு. இந்த அதிகாரத்தை அனுபவித்த மனிதரிடம் போய், ஒரு சாமான் செத்துவிட்டது என்று யார் சொல்வது?

அப்போதுதான் சின்னவன் பள்ளியிலிருந்து ஒரு தாளோடு வந்தான். சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கம் மின்கழிவு சேகரிக்கிறதாம். டிவி, ஐஸ் பெட்டி, வாஷிங் மெஷின், ஏர்கோன், கம்ப்யூட்டர், கைப்பேசி, எல்லாம் கொண்டுவரலாம். சில்லறைச் சாமான்களுக்கும் ஒரு மேசை. சுற்றுச்சூழல் துறையின் லைசன்ஸ் உள்ள ஆள் வந்து லோரியில் ஏற்றிப் போவார். அதில்தான் படித்தேன், 2005-ஆம் ஆண்டு பட்டியலிட்ட கழிவு விதிகளில் இந்த வகைக் குப்பைக்கு எஸ்டபிள்யூ 110 என்று நம்பர் இருக்கிறதாம். எங்கள் ஸ்டோருக்கு ஒரு பெயர்ப்பலகை கிடைத்த சந்தோஷம் எனக்கு.

லைசன்ஸ் என்றதும் அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். "தூக்க ஆள் வேணுமே, நானும் வர்றேன்" என்றார். சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது. அது எப்போதும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

டிவியையும் ஐஸ் பெட்டியையும் நல்லபடியாக ஒப்படைத்தோம். உதவிக்கு நின்ற பையன் டிவியின் முதுகைத் திறந்து பார்க்கப் போக, "டேய், கைய எடு! பிளக்கைப் பிடுங்கினாலும் குழாய்க்குள்ள கரண்டு நிக்கும்" என்று அப்பா போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. அங்கே பிடித்தது வினை. இவருக்கு ஏதோ தெரியும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் ஒரு மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக், ஸ்டாண்டு காற்றாடியோடு வந்தார். உறுமுகிறது, சுற்றவில்லை. அப்பா விரலால் இறக்கையை ஒரு தட்டுத் தட்டினார், சுற்ற ஆரம்பித்தது. "கெப்பாசிட்டர்தான். இது சாகல, மயங்கிக் கிடக்கு." அடுத்து ஒரு சீனத்துப் பாட்டியின் சோற்றுப் பானை, உள்ளே பியூஸ் போயிருந்தது. அப்புறம் ஒரு மிக்ஸி, கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. அரை மணி நேரத்தில் அப்பா முன்னால் அரசாங்கக் கிளினிக் மாதிரி வரிசை. லோரியில் ஏற்றியதைக்கூடச் சிலர் இறக்கிக்கொண்டு வந்தார்கள். பொறுப்பாசிரியர் பக்கத்தில் வந்து, "ஐயா, நாங்க சேகரிக்கிறோங்க ஐயா..." என்று தயங்கினார். "நல்லா சேகரிங்க சார்" என்றார் அப்பா, தலை நிமிராமல்.

ஒரே ஒரு புது கெட்டிலிடம்தான் தோற்றார். அடியில் மூன்று மூலை ஸ்குரு, உள்ளே எல்லாம் பசை. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத சாமான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "திறக்கவே கூடாதுன்னு செஞ்சிருக்கான்" என்று லோரிப் பக்கம் நீட்டினார். வீட்டுக்கு வரும்வரை அதைப் பற்றியே பேச்சு. எனக்கும் அந்தக் கெட்டில் செய்தவன் மேல்தான் எரிச்சல். அவன் ஒழுங்காக ஸ்குரு போட்டிருந்தால் லோரிக்கு ஏன் இத்தனை வேலை?

அந்தக் கோபம் ஸ்டோர் வாசல் வரைக்கும்தான். டிவி போன இடத்தில் நான்கு காற்றாடி. ஐஸ் பெட்டி போன இடத்தில் சோற்றுப் பானைகள், சொந்தக்காரர் பெயரும் போன் நம்பரும் ஒட்டியபடி. ஸ்பேர் வாங்க அப்பா சிரம்பானுக்குப் போக வேண்டுமாம், வீட்டுக்காரர் காரில் கூட்டிப் போக வேண்டுமாம். என் கல்யாண மிக்ஸி அசையவே இல்லை. கேட்டால், "வெளியாளுதை முதல்ல முடிக்கணும்மா" என்கிறார்.

நேற்றுக் காலை கேட்டோரம் ஒரு வாஷிங் மெஷின் நின்றது. மேலே ஒரு சீப்பு ராஸ்தாளி. யார் வைத்தது என்று அப்பாவுக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்கிறார்.