நடுவில் நிற்கிற நாடு
சமாதானப் பேச்சு என்றால் இரண்டு பேரைக் கைகுலுக்க வைப்பது மட்டும் இல்லை மக்களே. 1904-05 ரஷ்ய-ஜப்பான் போரைப் பாருங்கள். சுஷிமா நீரிணையில் ரஷ்யக் கடற்படையை நொறுக்கிய ஜப்பான்தான், கையில் பணம் தீர்ந்துகொண்டே வந்ததால், அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் ரகசியமாகப் போய், நீங்களாகவே அழைப்பது போல எங்கள் இருவரையும் பேச அழையுங்கள் என்று கேட்டது. ஜெயித்தவன் தானே போய்க் கேட்டால் கௌரவம் போகும், அதைக் காப்பாற்றித் தருவதுதான் நடுவரின் முதல் வேலை. அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத்தில் நடந்த பேச்சு மேசையில் ரூஸ்வெல்ட் உட்காரவே இல்லை; தூரத்தில் இருந்தே இரண்டு தலைநகரங்களையும் நெருக்கினார். இழப்பீடாக ஒரு காசு தரமாட்டேன் என்றது ரஷ்யா. கடைசியில் ஜப்பான் அதை விட்டுவிட்டு, சகலின் தீவின் தென்பாதியைப் பெற்றுக்கொண்டு, 1905 செப்டம்பர் 5 அன்று கையெழுத்திட்டது. இழப்பீடு கிடைக்காத கோபத்தில் டோக்கியோவில் கலவரம். ரூஸ்வெல்ட்டுக்கு 1906-ல் நோபல்.

எனக்கு மனசு ஆறாதது கொரியா விஷயம்தான். அதை ஜப்பான் பிடியில் விட்ட ஒப்பந்தம் இது, கொரியர்களை யாரும் கேட்கவில்லை, 1910-ல் அந்த நாட்டையே ஜப்பான் விழுங்கியது.

நம்ம குளச்சல், தூத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் வளைகுடாக் கடலில் தொழில் பார்க்கிறார்கள். கொரியா ஞாபகத்தில், ஓமனோ கத்தாரோ நடுவில் நின்று சமரசம் பேசுகிறது என்று செய்தி வந்தால், அதில் இவர்கள் பாதுகாப்பைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.