நியூயார்க்ல இருக்கேன்னு சொன்ன ஜெர்சிக்காரன்

போன ஆவணியில ஊருக்குப் போயிருந்தப்போ ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர் "தம்பி அமெரிக்கால எங்க இருக்கீங்க"ன்னு கேட்டாரு. நான் யோசிக்கவே இல்ல, "நியூயார்க் சார்"னு வாய் தானா சொல்லிடுச்சு. அந்தப் பக்கம் உக்காந்திருந்த என் வீட்டுக்காரி ரசத்தை விட்டுட்டு என்னைத் திரும்பிப் பாத்தா. பதினோரு வருஷமா நாங்க இருக்குறது எடிசன், பக்கத்து ஸ்டேட்டான நியூ ஜெர்சியில. நம்பர் பிளேட்ல ஜெர்சியோட பட்டப்பேரு 'கார்டன் ஸ்டேட்'னு இருக்கு, சொத்து வரி கட்டுறது ஜெர்சிக்கு, அதுவும் அமெரிக்காலயே அதிகமா சொத்து வரி கட்டுற கூட்டம் நாங்கதான். ஆனா யாராவது கேட்டா நியூயார்க்.

ஊரப்பாக்கத்துல ஃப்ளாட் வாங்கினவன் சென்னைன்னு சொல்லிக்கிறான்ல, அந்த மாதிரிதான் இதுவும்னு அவகிட்ட சமாளிச்சேன். ஆனா ஊரப்பாக்கத்துக்காரனுக்கு சென்னை மேல கோவம் கிடையாது. எனக்கு நியூயார்க் மேல இருக்கு.

வந்த புதுசுல நான் உண்மையைத்தான் சொல்லிட்டிருந்தேன். சித்தப்பாகிட்ட போன்ல 'நியூ ஜெர்சி'ன்னு சொன்னப்போ "ஜெர்சியா, அது மாடுல்ல, பண்ணையிலயாடா வேலை"ன்னு கேட்டாரு, கிண்டல் பண்ணாரா நிஜமாவே கேட்டாரான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. இதுல கொடுமை என்னன்னா மாட்டுக்கும் எங்க ஸ்டேட்டுக்கும் பேரு ஒரே எடத்துல இருந்துதான் வந்துச்சு, இங்கிலீஷ் கால்வாய்ல இருக்குற ஜெர்சிங்கற தீவு. 1664ல டச்சுக்காரங்ககிட்ட இருந்து இங்கிலீஷ்காரன் இந்த எடத்தை எல்லாம் புடுங்குனப்போ ராஜாவோட தம்பி யார்க் டியூக் பேர்ல நடுவுல ஓடுற ஹட்சன் ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூயார்க் ஆச்சு, இந்தப் பக்கத்தை அவரு தனக்கு வேண்டப்பட்ட ரெண்டு பேருக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு, அதுல ஒருத்தரு ஜெர்சி தீவுக்காரரு. ஆரம்பத்துலயே அவங்க ராஜகுடும்பத்துப் பேரு, நாங்க தானமாக் குடுத்த நிலம்.

அதுல இருந்து இதேதான், எடம் எங்களோடது, பேரு அவங்களோடது. ஃபுட்பால் எடுத்துக்கோங்க (நம்ம ஃபுட்பால் இல்ல, இவங்க கையால தூக்கிட்டு ஓடுறது). நியூயார்க் ஜயன்ட்ஸ், நியூயார்க் ஜெட்ஸ்னு ரெண்டு டீம், ரெண்டும் ஆடுறது ஜெர்சியில ஈஸ்ட் ரதர்ஃபோர்டுல. ஜயன்ட்ஸ் 1976லயே வந்தாச்சு, ஜெட்ஸ் 1984ல, இன்னும் பேரை மாத்தல. 2012ல ஜயன்ட்ஸ் சூப்பர் பவுல் ஜெயிச்சப்போ ஊர்வலம் எங்க விட்டாங்க? மன்ஹாட்டன்ல. சாக்கர் டீம் நியூயார்க் ரெட் புல்ஸ், அது ஆடுறதும் ஜெர்சி ஹாரிசன்ல. ஜெர்சி பேரை வெச்சிருந்த பாஸ்கெட்பால் டீம் நெட்ஸ் 2012ல மூட்டை கட்டிக்கிட்டு ப்ரூக்ளின் போயிடுச்சு. ஐஸ் ஹாக்கில டெவில்ஸ் மட்டும்தான் மானத்தைக் காப்பாத்துது, மூணு ஸ்டான்லி கப். 2026 உலகக்கோப்பை ஃபைனலுக்கு அந்த ஈஸ்ட் ரதர்ஃபோர்டு ஸ்டேடியத்துக்கு ஃபிஃபா வெச்ச பேரு என்ன தெரியுமா, 'நியூயார்க் நியூ ஜெர்சி ஸ்டேடியம்'. எங்க நிலத்துலயே நாங்க ரெண்டாவது.

ஒரு தடவை கோர்ட்ல ஜெயிச்சோம், அதை இங்க இருக்குறவங்க இன்னும் சொல்லி சந்தோஷப்படுவாங்க. எல்லிஸ் ஐலண்ட், கப்பல்ல வந்த லட்சக்கணக்கான ஜனங்களை அமெரிக்காவுக்குள்ள விட்ட தீவு. 1834ல ரெண்டு ஸ்டேட்டும் ஒப்பந்தம் போட்டப்போ தீவு நியூயார்க்குக்கு, சுத்தி இருக்குற தண்ணியும் அடி நிலமும் ஜெர்சிக்குன்னு முடிவாச்சு. அப்ப அந்தத் தீவு மூணு ஏக்கர் சொச்சம்தான். அப்புறம் ஃபெடரல் கவர்மெண்ட் மண்ணைக் கொட்டி கொட்டி இருபத்தேழு ஏக்கராக்கிடுச்சு. கொட்டுனது எங்க தண்ணிக்குள்ளதானே, அப்ப அந்த நிலம் யாருதுன்னு ஜெர்சி கேஸ் போட்டு, 1998ல சுப்ரீம் கோர்ட் ஆறுக்கு மூணுன்னு எங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. பழைய மூணு ஏக்கர் அவங்களுக்கு, மிச்சம் எங்களுக்கு, கோடு மெயின் பில்டிங்கை வெட்டிக்கிட்டு போவுது. வரப்புத் தகராறுதான், வேற என்ன. நம்ம ஊர் தாலுகா ஆபீஸ்ல தெனம் நடக்குறது, இங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. ஜெயிச்சு என்ன புண்ணியம், எல்லிஸ் ஐலண்ட்னா எல்லாருக்கும் நியூயார்க்தான். பக்கத்துலயே சுதந்திர தேவி சிலை, அது நிக்கிற தீவு நியூயார்க்குதுன்னாலும் சுத்தி இருக்குற தண்ணி பூரா எங்களோடது. அதைப் பத்தி பேசினா எனக்கு பிபி ஏறும்.

சண்டை போட்டு சாகுறதுக்குக்கூட இங்கதான் வந்திருக்காங்க. பத்து டாலர் நோட்டுல இருக்குற ஹாமில்டன் 1804ல, அப்ப துணை ஜனாதிபதியா இருந்த ஆரன் பர்ரோட துப்பாக்கிச் சண்டைக்கு நியூயார்க்ல இருந்து படகு ஏறி வந்தது ஜெர்சி வீஹாக்கனுக்கு, ஏன்னா டூயல் ரெண்டு எடத்துலயும் சட்டப்படி குத்தம்னாலும் இங்க அவ்வளவா கண்டுக்க மாட்டாங்க. குண்டு பாஞ்சது எங்க ஊர்ல, மறுநாள் செத்ததும் பொதைச்சதும் அங்க.

இப்ப தெனசரி கதைக்கு வர்றேன். நான் வேலைக்குப் போறது மன்ஹாட்டன், ஆத்துக்கு அடியில 1910ல தொறந்த சுரங்கத்துக்குள்ளதான் ரயில் போவும், போக ஒண்ணு வர ஒண்ணு. சாயங்காலம் பென் ஸ்டேஷன்ல ஜெர்சிக்காரன் யாருன்னு ஈஸியா கண்டுபுடிக்கலாம், தேர் வடம் புடிக்கக் காத்திருக்குற கூட்டம் மாதிரி எல்லாரும் அண்ணாந்து போர்டைப் பாத்துக்கிட்டு நிப்போம், எந்த ட்ராக்னு நம்பர் விழுந்ததும் அத்தனை பேரும் ஒரே படிக்கட்டுல எறங்குவோம், கோட்டு சூட்டு போட்டவன் லேப்டாப் பையால என்னை இடிச்சிட்டுப் போவான். மன்ஹாட்டன்காரங்க எங்களுக்கு வெச்ச பேரு 'பிரிட்ஜ் அண்ட் டனல்' கூட்டம். பாலத்துலயும் சுரங்கத்துலயும் வர்றவங்களாம்!

அப்புறம் காசு. மன்ஹாட்டன்ல வேலை பாத்தா வருமான வரி மொதல்ல நியூயார்க்குக்கு, அங்க கட்டினதை ஜெர்சி கழிச்சுக்கும், அதாவது எங்க ஊர் ரோட்டுக்கும் ஸ்கூலுக்கும் வர வேண்டியது அங்க போயிடும். கொரோனா சமயத்துல எடிசன்ல லுங்கியோட உக்காந்து வேலை பாத்தாலும் வரி நியூயார்க்குக்குத்தான், ஆபீஸ் அங்க இருக்கே. பொறுத்துப் பாத்துட்டு 2023ல ஜெர்சியும் திருப்பி அதே மாதிரி ஒரு சட்டம் போட்டுச்சு. கார்ல போனா இன்னொரு கூத்து, ஆத்தைத் தாண்டுற டோல் நியூயார்க் போறப்போ மட்டும்தான், வர்றப்போ கிடையாது. 2025 ஜனவரியில இருந்து அறுபதாவது தெருவுக்குக் கீழ பகல்ல நுழைஞ்சா 9 டாலர் தனி, டனல் வழியா வந்தா 3 டாலர் கழிப்பாங்க, அது வர்றதுக்கு முன்னாடியே ஜெர்சி கேஸ் போட்டும் நிக்கல.

நியூயார்க் சிட்டியில க்வீன்ஸ்ங்கற பகுதியில ஒரு ஃப்ரெண்டு இருக்கான், காலேஜ்ல ஒண்ணா படிச்சவன். அவன்கிட்ட இந்த டோல் விஷயத்தைப் பொலம்பினா, "மச்சி, நல்ல படத்துக்குத்தான்டா டிக்கெட்டு, ஜெர்சிக்கு எவன் காசு குடுத்து வருவான்"னு சொல்றான். அதைச் சொன்னது எங்க உக்காந்துன்னா, எங்க வீட்டு சோஃபாவுல, எங்க வீட்டு வெங்காய பஜ்ஜியைத் தின்னுக்கிட்டு. மாசம் ஒருக்கா காலி டிக்கியோட வருவான், எங்க ஊர்ல இந்தியக் கடைங்க வரிசையா இருக்குற ஓக் ட்ரீ ரோட்ல முருங்கைக்காய் அரிசி பாத்திரம் பண்டம்னு ரொப்பிக்கிட்டு, போற வழியில கேஸ் ஸ்டேஷன்ல வண்டியை விட்டு எறங்காம பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போவான், ஏன்னா இங்க நம்மளே பம்பைத் தொடக்கூடாது, 1949ல இருந்து சட்டம், அமெரிக்கால இப்ப ஸ்டேட் முழுக்க இப்படி இருக்குறது நாங்க மட்டும்தான். அந்த சுகத்தைப் பத்தி அவன் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

கோயில் விஷயத்துல மட்டும் நான் வாயை மூடிக்குவேன். பிரிட்ஜ்வாட்டர்ல எங்க பெருமாள் இருக்காரு, நல்லாவே இருக்காரு. ஆனா க்வீன்ஸ் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில், 1977ல கும்பாபிஷேகம் ஆனது, அதோட கேன்டீன் தோசைக்கு நானே டோல் கட்டிக்கிட்டு போயிருக்கேன், ஒரு தடவை இல்ல பல தடவை. அவன் அதை மறக்காம எல்லார் முன்னாடியும் சொல்லுவான்.

உண்மையைச் சொன்னா இது சண்டைன்னே நியூயார்க்காரனுக்குத் தெரியாது. நாங்கதான் பொங்குறோம். எங்களுக்குள்ளயே ஒத்துமை கிடையாது, தெக்குப் பக்கம் போனா பாதிப் பேரு ஃபிலடெல்ஃபியா டீமுக்குக் கத்துவாங்க, நடு ஜெர்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு பல காலம் அடிச்சுக்கிட்டு 2023ல இருக்குன்னு சட்டமே போட்டாங்க. நியூயார்க்னு பாடி உலகத்தையே மயக்குன ஃப்ராங்க் சினாட்ரா பொறந்தது ஹோபோக்கன்ல, அவரும் ஜெர்சிக்காரருதான், அவரே அப்படின்னா பந்தியில நான் சொன்னது பெரிய தப்பான்னு வீட்டுக்காரிகிட்ட கேட்டேன். "அவரு பாடினாரு, நீங்க பொய் சொன்னீங்க"ன்னா.

போன மாசம் அம்மா வந்திருந்தாங்க. சாயங்காலம் ஹோபோக்கன் ஆத்தோரத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், எதிர்ல மன்ஹாட்டன் முழுசா லைட்டு போட்டுக்கிட்டு நிக்குது. அம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு "இது அங்க இருக்குறவங்களுக்குத் தெரியாதுல்ல"ன்னு கேட்டாங்க. "தெரியாதும்மா, அவங்களுக்கு நம்மளைத்தான் தெரியும்"னேன். "பாவம்"னாங்க. பதினோரு வருஷத்துல என் ஸ்டேட்டைப் பத்தி யாரும் இவ்வளவு நல்லதா சொன்னதில்ல.

அன்னிக்கி ராத்திரி அதே போட்டோவை ஃபேமிலி குரூப்ல போட்டு 'நியூயார்க்கில் நான்'னு எழுதியிருந்தாங்க. நான் விடுவேனா, கீழ 'அம்மா, நீங்க நின்னது நியூ ஜெர்சி'ன்னு போட்டேன். அஞ்சு நிமிஷம் யாரும் ஒண்ணும் பேசல. அப்புறம் சித்தப்பா ஒரு மாட்டு பொம்மை அனுப்புனாரு.