செவலைக்கு வியர்க்கிறதா: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

9 அக்டோபர் 2025, வியாழன்

மழை. மணல் திடலில் தண்ணீர் நிற்கிறது. ரேஸிலிருந்து வந்த பெண் குதிரை செவலை கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. பெரியப்பாவுக்கு டயாலிசிஸ் ஊசி குத்திய கை வீங்கியிருக்கிறது. குதிரைக்குப் பல் பார்க்கிறவரைக் கூப்பிடலாமா என்று செவலையின் சொந்தக்காரர் தவுக்கேயிடம் மறுபடியும் கேட்டேன். "தீபாவளி முடியட்டும்" என்றார். அவருக்கு என்ன தீபாவளி?

10 அக்டோபர், வெள்ளி

கொட்டகையில் நின்றபோது மூச்சு நிமிடத்துக்கு 14. சரி. வெயில் செம்பனைக்கு மேலே ஏறுவதற்குள் லஞ்ச் கயிற்றில், அதாவது குதிரையை வட்டமாக ஓடவிடும் நீளக் கயிற்றில், இரண்டு பக்கமும் ஓட்டி முடித்தேன். வட்டத்தின் குறுக்களவை 20 மீட்டருக்குக் கீழே குறைக்கவில்லை, சின்ன வட்டம் மூட்டுக்கு ஆகாது. தலையை மேலே தூக்கிக்கொண்டுதான் ஓடினாள். இருக்கட்டும்.

எனக்குக் கவலை வியர்வை. வயிற்றுப்பட்டைக்கு அடியில் ஈரம், தொடைகளுக்கு நடுவே கொஞ்சம் நுரை, கழுத்து காய்ந்து கிடந்தது. தடவித் தடவிப் பார்த்தேன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் பிறந்து இங்கே வரும் குதிரைகள் சிலவற்றுக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையே நின்றுபோகும். அப்புறம் உடம்புச் சூட்டை வெளியேற்ற மூச்சு வாங்குவதைத் தவிர வழி கிடையாது. உப்பு கலந்த தண்ணீர் வைத்தேன், மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

12 அக்டோபர், ஞாயிறு

நேற்று செவலை மேல் ஏறிப் பழக்கும் அந்தப் பையன் வந்தான். பையில் டிரா ரெய்ன், தலையைக் கீழே இழுக்கிற வார். தவுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வாரின் ஒரு நுனியை வயிற்றுப்பட்டையில் மாட்டி, முன்னங்கால்களுக்கு நடுவே கொண்டுவந்து, கடிவாள வளையத்துக்குள் விட்டு, மறுநுனியைக் கையில் எடுத்துக்கொண்டான். அப்படி மாட்டினால் வளையம் கப்பியாக வேலை செய்யும். கையின் இழுப்பு வாயில் ஏறக்குறைய இரண்டு மடங்காக விழும். கொஞ்ச நேரத்தில் செவலையின் முகவாய் நெஞ்சைத் தொட்டது. தவுக்கேக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தியா, கழுத்து எப்படி வளையுது!"

நான் பின்னங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றுக்கு அடியில் வந்து ஊன்ற வேண்டிய கால்கள் பின்னாலேயே தேய்ந்துகொண்டு வந்தன. சேணத்துக்கு அடியில் முதுகு குழிந்துவிட்டது. காதுகளுக்குப் பின்னால் இருக்கும் உச்சிதான் கழுத்தில் உயர்ந்த இடமாக இருக்க வேண்டும். இவளுக்குக் கழுத்தின் பாதியில் ஒரு மடிப்பு விழுந்து, அது உச்சியை விட மேலே நின்றது. பின்னங்கால் உள்ளே வந்து, முதுகு எழும்பி, அதற்கெல்லாம் பிறகு தானாக வர வேண்டியது கழுத்து வளைவு. இவனுக்குக் கழுத்து போதும், மற்றதைப் பற்றிப் பேச்சே இல்லை.

டிரா ரெய்னே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சாதாரண வாரையும் கூடப் பிடித்துக்கொண்டு, இதைத் தொங்கலாக விட்டு, தலை எகிறும்போது மட்டும் முட்டுகிற மாதிரி வைத்து, தலை இறங்கிய அந்த நொடியே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குதிரை படிப்பது இழுப்பிலிருந்து இல்லை, விடுவதிலிருந்து. தலையை இறக்கினால் வாய் சும்மா இருக்கும் என்று அதற்குத் தெரிய வேண்டும். அவன் விடவே இல்லை. தலை இறங்கிய பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தான். அப்புறம் எதற்கு அது இறக்கும்?

14 அக்டோபர், செவ்வாய்

பெரியப்பாவை டயாலிசிஸில் விட்டுவிட்டு மோட்டார் கடைக்குப் போனேன். பழைய டியூப் வேண்டும் என்றதும் கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். குதிரைக்கு என்றேன், அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஒரு காலத்தில் சுற்றிலும் கித்தா (ரப்பர்) மரமாக இருந்த ஊர். ரப்பருக்கு இப்போது மோட்டார் கடையில் கையேந்துகிறேன்.

சைட் ரெய்ன், வாயையும் வயிற்றுப்பட்டையையும் பக்கவாட்டில் சேர்க்கும் வார், தோல் மட்டும் என்றால் கொஞ்சமும் கொடுக்காது. டியூபை நறுக்கி நடுவே சேர்த்தால் கொஞ்சம் இழுபடும், அவளும் முட்டிப் பார்த்துப் பழகலாம். டியூபுக்கும் கொக்கிக்கும் நடுவே ராஃபியா கயிறு ஒரு சுற்று. பயந்து எழும்பினால் முதலில் அறுவது அதுவாக இருக்கட்டும். நீளமாகவே விட்டேன், மூக்கு நெற்றிக்கு முன்னால் நிற்கும் அளவுக்கு. உடம்பு சூடான பிறகுதான் மாட்டினேன், டிராட் என்கிற மெல்லோட்டத்துக்கு மட்டும். நடையில் குதிரை ஒவ்வொரு அடிக்கும் தலையை ஆட்டும், கட்டி வைத்தால் அடியே குறுகிப்போகும்.

15 அக்டோபர், புதன்

கழுத்து காய்ந்தே இருந்தது.

17 அக்டோபர், வெள்ளி

பெரியப்பா இன்று எழுந்து உட்கார்ந்து பேசினார். ஈப்போ ரேஸ் திடலில் சைஸ் வேலை, குதிரை பராமரிக்கிற வேலை, பார்த்த மனுஷர், குதிரைப் பேச்சு வந்துவிட்டால் ஊசி வலி மறந்துவிடும்.

"ஏம்மா, அது எங்க ஓடுன குதிரை?"

"கிராஞ்சி, பெரியப்பா. சிங்கப்பூர்லதான் மூடிட்டாங்களே."

"அப்ப வாரைப் பிடிச்சா ஓடத்தானே செய்யும்? ஜாக்கி இறுக்கிப் பிடிப்பான், அது அந்தப் பிடியில சாஞ்சுக்கிட்டு ஓடும். நாங்க அப்படித்தானே பழக்குனோம். இவன் வந்து இழுத்துட்டு மெதுவாப் போன்னா அதுக்கு எப்படிம்மா புரியும்?"

இந்த நாலு வாக்கியத்தை எழுதித் தவுக்கே வீட்டுக் கதவில் ஒட்டலாம்.

கிராஞ்சியில் கடைசி ரேஸ் போன வருஷம் அக்டோபர் 5. பினாங்கிலும் இந்த மே மாதத்தோடு முடிந்தது, 1864இல் தொடங்கிய கிளப். அந்தச் செய்தி வந்த நாள் பெரியப்பா யாரோடும் பேசவில்லை. குதிரைகளெல்லாம் எங்கே போகும் என்று மட்டும் கேட்டார். சிலது இப்படித்தான், செம்பனைத் தோட்டத்துக் கொட்டகைக்கு.

18 அக்டோபர், சனி

பையன் வந்தான். வெயில் ஏறிய பிறகு வந்தான். வாரை இன்னும் ஒரு பிடி குறைத்தான், மூக்குப்பட்டையையும் இறுக்கினான். செவலை பக்கவாட்டில் ஓடினாள், பற்களை நறநறவென்று கடித்தாள். அவன் இறங்கியபோது வயிறு ஏறி இறங்கும் வேகத்தை எண்ணினேன், நிமிடத்துக்கு நூறைத் தாண்டியது. உடம்பு முழுக்கக் காய்ச்சல், ஒரு சொட்டு வியர்வை இல்லை. ரப்பர் குழாயை எடுத்து ஊற்றினேன், வழித்துவிட்டேன், மறுபடி ஊற்றினேன். மின்விசிறியைக் கொட்டகை வாசலுக்கு இழுத்து வந்தேன். பையன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அக்கா, ரொம்பச் செல்லம் கொடுக்கிறீங்க" என்றான்.

நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. ஊரெல்லாம் வெடி. செவலையின் காதில் பஞ்சு வைத்துவிட்டுக் கொட்டகையிலேயே முறுக்கு தின்றேன். பெரியப்பாவுக்கு ஆட்டுக்கறி ஒரே ஒரு துண்டு, அதற்கே வீட்டில் பெரிய பஞ்சாயத்து.

22 அக்டோபர், புதன்

மூக்குப்பட்டை. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூக்கெலும்புக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும் என்று பழைய வழக்கம். யாருடைய விரல் என்பதில்தான் சண்டை. இந்த வருஷத்திலிருந்து சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிகளில் அதற்கென்றே ஒரு அளவுக்கருவி வைத்துப் பார்க்கிறார்கள். உள்ளே போகவில்லை என்றால் பட்டை இறுக்கம். சனிக்கிழமை செவலைக்குக் கட்டிய பட்டையில் என் சுண்டு விரலும் போயிருக்காது. வாயைத் திறந்தால் வலிக்கிறது என்று தெரிந்துவிடும், அதனால் வாயைக் கட்டிவிடுவது. நல்ல வைத்தியம்.

24 அக்டோபர், வெள்ளி

பல் பார்க்கிறவர் ஒருவழியாக வந்தார். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கத்தியாக நின்றது, கன்னத்துக்குள் இரண்டு பக்கமும் வெட்டு. கீழே நாக்குப் பக்கமும் அப்படியே. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குத் தொண்டை அடைத்தது, அப்புறம் கோபம். அந்தக் கன்னத்தின் மேல்தான் மூக்குப்பட்டையும் இரண்டு மடங்கு இழுப்பும். ராவி முடித்துவிட்டு, புண் ஆறும்வரை வாயில் இரும்பு வேண்டாம் என்றார். போகிற போக்கில் சேணத்தையும் தூக்கிப் பார்த்தார். ரேஸ் குதிரைக்குத் தோளுக்குப் பின்னால் சதை வற்றியிருக்கும், சேணம் அங்கே கடிக்கிறது. தலை எதற்காக மேலே போகிறது என்று கேட்காமலே அதைக் கீழே இறக்க இத்தனை வார்.

தவுக்கேக்கு போன் செய்தேன். "வாங்குறவங்க சனிக்கிழமை வர்றாங்க, நவம்பர் 1. தலை கீழ இருக்கணும்" என்றார். புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

26 அக்டோபர், ஞாயிறு

ஈப்போ தோழி ஷாம்போன் தருகிறேன் என்கிறாள். வயிற்றுப்பட்டையிலிருந்து நெஞ்சு வழியாக ஏறி, உச்சந்தலைப் பட்டையில் உள்ள வளையங்களில் புகுந்து, வாய்க்கு இறங்கும் வார். தலையைத் தூக்கினால் உச்சியிலும் வாயிலும் அழுத்தும், இறக்கினால் தளர்ந்துவிடும். யார் கையும் அதில் இல்லாததால் தானாகவே விடும், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். லஞ்ச் கயிற்றில் மட்டும்தான், மேலே ஏறிச் சவாரிக்கு இல்லை. ஆனால் அதுவும் வாயில்தான் முடிகிறது. வேண்டாம் என்றேன்.

27 அக்டோபர், திங்கள்

கோவிலில் சூரசம்ஹாரம். போகவில்லை. கடிவாளத்துக்குப் பதில் மூக்கில் மாட்டும் மூக்குக்கட்டிலேயே லஞ்ச், வாய் காலி.

29 அக்டோபர், புதன்

எழுதாமல் தூங்க முடியாது. மூக்குக்கட்டின் பக்க வளையங்களில் சைட் ரெய்னை மாட்டி, மிக நீளமாக விட்டு, டிராட். இடது பக்கம் சில வட்டம் வழக்கம்போல எகிறல். அப்புறம் ஒரு பெருமூச்சு, மூக்கிலிருந்து நீளமாக. கழுத்து முன்னால் நீண்டு, இறங்கி, வாரே தொங்கியது! பின்னங்கால் முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழுந்தது. முதுகு ஆடியது. உடனே நிறுத்தி எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். வலது பக்கம் கேட்கவே இல்லை, பேராசை வேண்டாம்.

கழுத்தில் ஈரம். சேணத்துணி இல்லாத இடத்தில், உண்மையான ஈரம். பனியோ என்று இரண்டு தடவை துடைத்துப் பார்த்தேன். பெரியப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன். "வலது பக்கம்?" என்று பதில் வந்தது. சைஸ் புத்தி.

30 அக்டோபர், வியாழன்

வலது பக்கம் ஒன்றும் இல்லை. தலை மேலே, கழுத்து காய்ந்து.

தவுக்கே போன். சனிக்கிழமை பையன்தான் ஏறுவானாம், கடிவாளத்தோடு. புண் ஆறவில்லை என்றேன். "ஒரு அரை மணி நேரம்தானே." பல் பார்த்தவர் சொன்னதை எழுதி வாங்கிவந்து கொடுக்கட்டுமா என்றேன். அவர் லைனை வைத்துவிட்டார்.

31 அக்டோபர், வெள்ளி

வாங்குகிறவரின் நம்பர் கிடைத்தது. பல்லின் போட்டோவையும் புதன்கிழமை வீடியோவையும் அனுப்பிவிட்டேன். தவுக்கேயிடம் சொல்லவில்லை. இரண்டு நீல டிக் வந்துவிட்டது, பதில் இன்னும் இல்லை. காலை ஏழு மணிக்கு வருகிறார்களாம். பெரியப்பாவுக்கும் நாளை டயாலிசிஸ், கொண்டுபோய்விட யாராவது வேண்டும். வலது பக்க டியூப் வேறு பிய்ந்துகிடக்கிறது.