நாய் காரில் ஏற ஒரு சாய்வுப் பலகை: கீலை மேலே வைக்காதீர்கள்

மூன்று முறை செலவு செய்த பிறகுதான் இது சரியாக அமைந்தது. 34 கிலோ லேப்ரடார், 11 வயது, இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. எஸ்.யூ.வி.யின் டிக்கி விளிம்பு தரையிலிருந்து 28 அங்குலம். ஒத்த அளவு உள்ளவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் வாங்கியது ஆன்லைனில் கிடைக்கும் மடக்குப் பலகை. "100 கிலோ தாங்கும்" என்று போட்டிருந்ததைப் பார்த்தேனே தவிர நீளத்தைப் பார்க்கவில்லை. நீளம் 4 அடிதான். 28 அங்குல உயரத்துக்கு அது 36 டிகிரி சாய்வு, ஏணி மாதிரிதான். நாய் இரண்டு அடி வைத்துவிட்டுப் பின்வாங்கிவிட்டது. உயரத்தைப் போல இரண்டரை மடங்காவது நீளம் வேண்டும். 6 அடி என்றால் 23 டிகிரி, வயதான நாயும் ஏறிவிடும்.

அடுத்தது தச்சரிடம் செய்தது: 12 மிமீ ப்ளைவுட், 16 அங்குல அகலம், மூன்று மூன்று அடியாக இரண்டு துண்டு. பெட்டி மூடிக்குப் போடுவது போல கீலை மேல்பக்கம் அடித்துக் கொடுத்துவிட்டார். அப்படி அடித்தால் நடுவில் பாரம் விழுந்ததும் பலகை 'வி' போலக் கீழே மடங்கும். நல்லவேளை, நாயை ஏற்றும் முன் கையால் அழுத்திப் பார்த்தோம். கீல் அடிப்பக்கம்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் பாரம் ஏறும்போது மேல் விளிம்புகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டி நிற்கும், மடங்காது.

கீலைக் கீழே மாற்றியும் தீரவில்லை. இரண்டாம் நாளே திருகுகள் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. தச்சர் மேல் தப்பில்லை, கணக்கு அப்படி. 6 அடிப் பலகையின் நடுவில் 34 கிலோ நின்றால், 12 மிமீ கனத்தில் கீலை இழுக்கும் விசை ஆயிரம் கிலோவைத் தாண்டுகிறது. 12 மிமீ ப்ளைவுட்டில் எவ்வளவு நீளத் திருகு இறங்கிவிடும்? அதே பாரத்துக்கு 50 மிமீ ஆழமுள்ள சட்டம் இருந்தால் விசை 300 கிலோவாகக் குறையும். பலகையைத் தடிமனாக்குவதை விட அடியில் சட்டம் கொடுப்பதே வழி.

கடைசியாக, அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் முடித்தோம். 50 x 25 x 1.5 மிமீ செவ்வகப் பைப், 50 மிமீ பக்கம் செங்குத்தாக. 12 அடி நீளம் ஒன்றில் இரண்டு பக்கவாட்டுச் சட்டமும் வந்துவிடும். ஒவ்வொரு அடி நீளத்துக்கும் ஒரு குறுக்குச் சட்டம், மடிப்பின் இருபுறமும் கட்டாயம் ஒவ்வொன்று. மேலே 6 மிமீ மரைன் ப்ளை, அதாவது ஈரம் தாங்கும் ப்ளைவுட் (ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை பார்த்து வாங்குங்கள்). வெட்டிய ஓரங்களுக்கு இரண்டு கை பெயின்ட் அடிக்காவிட்டால் நாளடைவில் ஈரம் இறங்கிவிடும். அடியில் 16 அங்குல அகலம் முழுக்க ஸ்டீல் பியானோ கீல் (ஒரே துண்டாக நீளமாக வரும் கீல்), ஒவ்வொரு இதழிலும் 4.8 மிமீ ரிவெட் எட்டு. மொத்த எடை 10 கிலோ பக்கம். ஒரு ஆளே தூக்கிவிடலாம்.

மேற்பரப்புக்கு மணல்தாள் போன்ற வழுக்காத டேப் ஒட்டாதீர்கள். இறங்கும்போது உடல் பாரத்தில் பெரும்பகுதி முன்கால்களில் வருகிறது, பாதத்தின் மெத்தையைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். எங்களுக்கு ஒரு வாரம் மருந்து போட வேண்டியதாயிற்று. கோடு போட்ட 3 மிமீ ரப்பர் மேட்டை, கோடுகள் குறுக்கே வருமாறு ஒட்டி, ஓரத்தில் அலுமினியப் பட்டை வைத்து ரிவெட் அடியுங்கள். மடிப்பு வரும் இடத்தில் மேட்டை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் மடக்கும்போது இழுத்துக் கிழிந்துவிடும். கறுப்பு ரப்பர் வெயிலில் கொதிக்கும். ஏற்றும் முன் புறங்கையை வைத்துப் பாருங்கள்.

மேல்முனை பிளாஸ்டிக் பம்பரில் உட்காரக் கூடாது. 4 அங்குலமாவது உள்ளே போய் டிக்கியின் உலோக விளிம்பில் உட்கார வேண்டும். அங்கிருந்து ஒரு பட்டையை டிக்கிப் பூட்டு மாட்டும் 'யு' கம்பியில் கட்டிவிடுங்கள். நாய் பாதி வழியில் குதித்தால் கட்டாத பலகை பின்னால் உதைத்துக்கொண்டு போகும். கீழ்முனைக்குப் பழைய டயர் ட்யூப் துண்டு. டைல்ஸ் தரையில் இதில்லாமல் நிற்காது.

இன்னொன்று, இதற்குக் காசே வேண்டாம். எங்கள் போர்ட்டிகோ தெருவை விட 8 அங்குலம் உயரம். காரைத் தெருவிலேயே விட்டு, டிக்கியை வீட்டுப் பக்கம் திருப்பிப் பலகையின் கீழ்முனையைப் போர்ட்டிகோ விளிம்பில் வைத்தோம். ஏற வேண்டிய உயரம் 20 அங்குலமானது. சாய்வு 16 டிகிரிக்கு இறங்கிவிட்டது. தெருவில் மேடு பள்ளம் இருந்தாலும் டிக்கி மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

பழக்குவதற்கு ஐந்து நாள். முதல் இரண்டு நாள் வெறும் தரையில் விரித்து அதன் மேலேயே சோறு, அப்புறம் ஒரு படிக்கட்டு உயரம், கடைசியில்தான் கார். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள்; மார்புப் பட்டை போட்டுப் பக்கத்தில் நடந்து வாருங்கள். ஆறாம் நாள் காலை, அவித்த கோழித் துண்டை டிக்கியில் வைத்ததும் நிற்காமல் மேலே போய்ப் படுத்துக்கொண்டது. இறங்க மட்டும் இன்னும் ஒரு கை தாங்கல் வேண்டியிருக்கிறது.