ஒன்றேகால் கிலோவுக்குள் ஒரு மடிக்கணினி: பெற்றதும் விட்டதும்

13 அங்குலத் திரை, ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை, விசிறியே இல்லாத அமைப்பு, இரண்டு யுஎஸ்பி-சி துளைகள், 16 ஜிபி ரேம் (நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (சேமிப்பகம்): எழுதவும் மெய்ப்புத் திருத்தவும் நான் அன்றாடம் பயன்படுத்துகிற மடிக்கணினியின் விவரம் இவ்வளவுதான். உயர்விலைச் சிறு மடிக்கணினி என்று கடைகளில் வைக்கப்படும் கருவிகளில் பல, எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், ஏறத்தாழ இந்த அளவுகளைச் சுற்றியே அமைகின்றன. ஆகவே ஒரு பெயரைப் பாராட்டியோ குறைசொல்லியோ எழுதுவதைவிட, இந்த வகைக்கே உரிய நிறைகுறைகளை எடைபோடுவது வாங்க நினைப்பவருக்கு அதிகம் உதவும். நீண்ட பயன்பாட்டுக்குப் பிறகு எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. இதன் குறைகளில் சில நமக்குப் பழகிவிடும், சிலவற்றைத் துணைக்கருவி கொண்டு ஈடுசெய்யலாம், ஆனால் மிக முக்கியமான சில, வாங்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகின்றன.

இந்த வகையின் இயல்பு தொடக்கத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து உருவிக் காட்டிய முதல் மேக்புக் ஏர் 1.36 கிலோ எடை கொண்டது. அந்த எடைக்காகச் சிடி டிரைவும் ஈதர்நெட் துளையும் கைவிடப்பட்டன. யுஎஸ்பி துளை ஒன்றே ஒன்று இருந்தது. 2 ஜிபி நினைவகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. 2011 இல் இன்டெல் ‘அல்ட்ராபுக்’ என்ற பெயரை அறிவித்து மற்ற தயாரிப்பாளர்களையும் அதே வழியில் அழைத்துச் சென்றது. அன்று விட்டுக்கொடுத்தவற்றில் சிடி டிரைவை இன்று யாரும் தேடுவதில்லை. பற்றவைத்த நினைவகம்தான் இன்றும் உறுத்துகிறது.

நிறைகளில் முதலிடம் எடைக்கே. ஒன்றேகால் கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் உள்ள வேறுபாடு விவரப்பட்டியலில் சிறிதாகத் தோன்றலாம். சார்ஜரையும் சேர்த்து நாள் முழுவதும் தோளில் சுமப்பவருக்கு அது சிறிதன்று. அதைவிட முக்கியம், எடை குறைந்தால் கருவியைப் பயன்படுத்தும் முறையே மாறிவிடுகிறது என்பது. எடுத்துச் செல்வதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியதில்லை, ஒரு கையால் எடுத்து அடுத்த அறைக்குப் போகலாம், மடியில் வைத்தாலும் கால் மரத்துப்போவதில்லை. விசிறி இல்லாததால் கிடைக்கும் அமைதியையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். இரவில் மற்றவர்கள் உறங்கும் அறையில் எழுதுகிறவர்களும், மேசையில் ஒலிவாங்கி வைத்துக் குரல் பதிவு செய்கிறவர்களும் இதன் அருமையை நன்கு அறிவார்கள்.

திரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தமிழில் வேலை செய்பவருக்கு இது அழகைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. பழைய 13 அங்குல மடிக்கணினிகளில் வழக்கமாக இருந்த 1366×768 திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 120 படப்புள்ளிகளே இருந்தன. இன்றைய உயர்விலைத் திரைகள் பலவற்றில் அது 200-ஐத் தாண்டுகிறது. அந்தப் பழைய திரையில் சிறிய எழுத்தளவில் படித்தால் ‘ண’ என்பதன் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி ‘ன’ போலத் தெரியும், மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி மங்கிவிடும், ‘ர’ என்ற எழுத்தின் அடியில் இருக்கும் சாய்கோடு மறைந்து அது துணைக்காலாகவே தோன்றும். மெய்ப்புப் பார்ப்பவர் இவற்றைத் தவறவிட்டால் பிழை அச்சுக்குப் போய்விடும். அடர்த்தியான திரையில் இதே எழுத்துகள் அச்சிட்ட தாளில் இருப்பதைப் போலத் துலங்குகின்றன. நாள் முடிவில் கண்ணில் தங்கும் களைப்பும் குறைகிறது. இத்துடன், பல சிறு மடிக்கணினிகள் 16:9 விகிதத்தை விட்டு 16:10 அல்லது 3:2 விகிதத்துக்கு மாறியிருப்பதால், ஒரே பார்வையில் இன்னும் சில வரிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. 13 அங்குலத்தில் அந்தச் சில வரிகளுக்கு உண்மையான மதிப்பு உண்டு.

ஆனால் பளபளப்பான திரை எதிரிலுள்ள சன்னலையும் சேர்த்தே காட்டும் என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையை விரும்புவோர் அதன் ஆழ்ந்த கருமையோடு இன்னும் இரண்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். பணிப்பட்டை போன்ற அசையாத உருவங்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அவற்றின் தடம் திரையில் படியக்கூடும். வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது திரை மிக வேகமாக மினுங்குவது சிலருடைய கண்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

விசைப்பலகையைப் பற்றி ஒரு கருத்தை உறுதியாகச் சொல்வேன்: மெல்லிய உடலுக்காக விசை அழுந்தும் ஆழத்தை எல்லை மீறிக் குறைக்கக் கூடாது. ஆப்பிள் 2015 முதல் 2019 வரை தன் மடிக்கணினிகளில் பயன்படுத்திய ‘பட்டர்ஃபிளை’ விசைப்பலகை இதற்குப் போதுமான சான்று. சிறு தூசி புகுந்தாலே விசை வேலை செய்யாமல் போவதும், ஒருமுறை அழுத்தினால் இருமுறை எழுத்து விழுவதும் பரவலான புகாராகி, 2018 இல் அந்நிறுவனமே இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் ஒன்றை அறிவிக்க நேர்ந்தது. 2020 க்குள் விசையின் அடியில் கத்தரிக்கோல் போல மடியும் பழைய அமைப்புக்கே திரும்பியது. இன்றைய சிறு மடிக்கணினிகளில் விசை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை அழுந்துகிறது. நீண்ட கட்டுரைகளை எழுதுகிறவர் அந்த அரை மில்லிமீட்டரை விரல் நுனியில் உணர்வார். ஆகவே வாங்குமுன் ஒரு பத்தியாவது தட்டிப் பார்ப்பது நல்லது.

இனி வெப்பத்துக்கு வருவோம். 2020 இறுதியில் ஆப்பிளின் எம்1 செயலிச் சில்லு வெளிவந்தபின், விசிறி இல்லாத கருவியும் வேகமாக இயங்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. ஆயினும் அந்த வேகம் எத்தனை நிமிடங்களுக்கு நீடிக்கும் என்று கேட்பதே சரியான கேள்வி. இணையப் பக்கத்தைத் திறப்பது, ஆவணத்தைத் தேடுவது, படத்தைத் திருத்துவது போன்ற பணிகள் சில நொடிகளில் முடிந்துவிடுவதால், வெப்பம் சேர்வதற்கு முன்பே சில்லு ஓய்வுக்குத் திரும்பிவிடுகிறது. நீண்ட காணொளியை ஏற்றுமதி செய்வது, பெரிய நிரலைத் தொகுப்பது போன்ற பணிகளில் வெப்பத்தை வெளியேற்ற உலோக உடலைத் தவிர வேறு வழியில்லை. உடல் சூடேறியதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இது பழுதன்று, அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. முதல் ஐந்து நிமிடச் சோதனையை மட்டும் வைத்து எழுதப்படும் மதிப்புரைகளில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. அத்தகைய வேலை அன்றாடம் இருப்பவர், சில நூறு கிராம் கூடினாலும் விசிறி உள்ள கருவியையே வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

எல்லாவற்றிலும் கடினமான முடிவு நினைவகத்தைப் பற்றியது. மடிக்கணினிகள் குறைந்த மின்சாரத்தில் இயங்குவதற்கு உதவும் எல்பிடிடிஆர் வகை நினைவகம், சில்லுக்கு மிக அருகில் பற்றவைக்கப்பட்டால்தான் அதன் முழு வேகத்தில் நம்பகமாக இயங்கும் என்பதே நீண்ட காலமாக நிலைமை. இன்டெல் 2024 இல் வெளியிட்ட லூனார் லேக் சில்லுகளில் நினைவகம் சில்லின் பொதிக்குள்ளேயே வைக்கப்பட்டு, 16 ஜிபி அல்லது 32 ஜிபி என்ற இரண்டே தெரிவுகள் தரப்பட்டன. மின்சேமிப்புக்கு இது உண்மையாகவே உதவுகிறது. அதே காரணத்தால், பிறகு மனம் மாறினாலும் ஒன்றும் செய்ய முடியாது. நினைவகம் போதாதபோது கணினி எஸ்எஸ்டியின் ஒரு பகுதியைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்திச் சமாளிக்கும். ஆனால் எஸ்எஸ்டி, நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. இந்தக் கருவிகளில் பெரும்பாலும் வரைகலைச் செயலியும் அதே நினைவகத்திலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்வதால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு முழுவதும் நம் மென்பொருள்களுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே கையிலுள்ள பணம் ஏதேனும் ஒன்றுக்கு மட்டுமே போதுமானால், வேகமான சில்லை விட்டுவிட்டு நினைவகத்தைக் கூட்டுங்கள். எல்பிகேம்2 என்ற புதிய தரம், இதே நினைவகத்தைத் திருகாணியால் பொருத்திக் கழற்ற வழிசெய்கிறது. 2024 இல் லெனோவாவின் ஒரு பெரிய மடிக்கணினியில் அது வந்தும்விட்டது. சிறு மடிக்கணினிகளிலும் பரவலாக வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சேமிப்பகத்திலும் மிகக் குறைந்த கொள்ளளவைத் தேர்ந்தெடுக்குமுன் ஒருமுறை விசாரிப்பது நல்லது. 2022 இல் வந்த எம்2 மேக்புக் ஏரின் 256 ஜிபி வடிவத்தில் ஒரே சேமிப்புச் சில்லு இருந்ததால், அதன் எஸ்எஸ்டி வேகம் 512 ஜிபி வடிவத்தைவிடத் தெளிவாகவே குறைந்திருந்தது. பெட்டியின் மீது இத்தகைய வேறுபாடுகள் எழுதப்படுவதில்லை.

துளைகளின் குறைவு எனக்கு விரைவில் பழகிவிட்டது. இரண்டே யுஎஸ்பி-சி துளைகள் இருந்து, அவற்றில் ஒன்றை சார்ஜர் பிடித்துக்கொண்டால், எஞ்சிய ஒன்றில் பல துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டியான ஒரு டாக்கைச் செருகி வெளித்திரையையும் பென்டிரைவையும் இணைத்துக்கொள்ளலாம். எத்தனை வெளித்திரைகளை இணைக்க முடியும் என்பது முதன்மையாகச் சில்லைப் பொறுத்தது, டாக்கை மட்டும் பொறுத்ததன்று. எம்1, எம்2 சில்லுகள் கொண்ட மேக்புக் ஏர் அதிகாரப்பூர்வமாக ஒரே ஒரு வெளித்திரையைத்தான் ஏற்றது.

இறுதியாக, பேட்டரி. விமானத்தில் முன் அனுமதியின்றிக் கொண்டுசெல்லக்கூடிய உச்ச அளவு 100 வாட்-மணி; இந்தச் சிறு உடல்களில் பெரும்பாலும் 50 முதல் 60 வாட்-மணி வரையே அடங்குகிறது. சிக்கனமான சில்லுகளால் அதிலேயே ஒரு வேலைநாள் ஓடிவிடுகிறது என்பது பத்தாண்டுகளுக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாத முன்னேற்றம். ஆனால் லித்தியம்-அயன் பேட்டரி முழு மின்னேற்றத்திலும் வெப்பத்திலும் விரைவாக முதுமையடையும் இயல்புடையது. மேசையில் செருகியே வைத்திருப்பவர் அமைப்புகளில் 80 விழுக்காட்டு வரம்பை இட்டுக்கொள்வது அதன் ஆயுளை நீட்டிக்கும். எப்படியும் சில ஆண்டுகளில் அதை மாற்ற வேண்டிவரும். சில கருவிகளில் அது திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கிறது, சிலவற்றில் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி ஒழுங்குமுறை, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரியிலிருந்து கோருகிறது. அதுவரை, வாங்க நினைக்கும் கருவியின் பராமரிப்புக் கையேட்டைத் தரவிறக்கி, பேட்டரி மாற்றும் பக்கத்தில் எத்தனை திருகாணிகள், எவ்வளவு பசை என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது ஒருவர் தாமே செய்துகொள்ளக்கூடிய சோதனை.