ஊர்ப் பெயர் எழுதாத ஒரு வரி

மாவட்ட மனநலக் குழுவிலிருந்து வந்த சமூகப் பணியாளர் எங்கள் சுகாதார நிலையத்தின் மனநலப் பதிவேட்டில் அந்த வரியில் விரலை வைத்து, "இது எந்த ஊர் சிஸ்டர்?" என்று கேட்டார். ஓபி எண் (புறநோயாளிச் சீட்டு எண்) இருந்தது, வயது இருந்தது, மருந்தும் அளவும் இருந்தன. பெயருக்கு ஒரே ஒரு எழுத்து. ஊர்க் கட்டம் காலி. "அதை நான் பாத்துக்கிறேன் சார்" என்றேன். அவருக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு சுகாதார நிலையங்கள் போக வேண்டியிருந்தது. சரி என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். நான் எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று அவர் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது.

பிரஷர், சுகர் பார்க்க வருகிறவர்களிடம் மனசு பற்றியும் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள் என்று சொன்னபோது எனக்கு அதில் மறுப்பே இல்லை. தலை கனமா இருக்கு, கை கால் ஓய்ச்சல், நெஞ்சு படபடங்குது, தூக்கமே இல்லை என்று மாதாமாதம் வருகிற பெண்கள் யார் யார் என்று, பிரஷர், சுகர் மாதிரித் தொற்றா நோய்களைப் பார்க்கிற என்னைப் போன்ற என்சிடி நர்ஸுக்குத் தெரியும். பி காம்ப்ளெக்ஸும் வலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு போய், அடுத்த மாதம் அதே தலை கனத்தோடு வருவார்கள். பயிற்சியில் பெல்லாரி கதையைச் சொன்னார்கள். எண்பதுகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்துக்காரர்கள் அங்கே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்து, மனநோய்க்கு அந்தந்த ஊர்ப் பக்கமே மருந்து கிடைக்கும்படி செய்தார்கள். அதை வைத்துத்தான் 1996-ல் மாவட்ட மனநலத் திட்டமே வந்தது.

எங்கள் ராமநாதபுரம் கடற்கரைக்கு இதன் அவசியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தர்காவுக்கு மனநோயாளிகளைக் கொண்டு வந்து விடுகிற ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டது, விதிகள் வந்தன, தர்காவிலேயே துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் சேர்த்துக் கொடுக்கிற ஏற்பாடு வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் பாம்பனிலிருந்து கீழக்கரை வரைக்கும் ஒரு வீட்டில் சண்டை முற்றினால் "உன்னைய ஏர்வாடியில கொண்டு போய் விடணும்" என்றுதான் இன்னமும் ஏசுகிறார்கள். ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு மனநலப் பிரிவு என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் பஸ் ஏறுவதில்லை. ராமேஸ்வரத்திலிருந்து 55 கிலோமீட்டர் சொச்சம் என்பது ஒரு காரணம்தான்.

அதனால்தான் பிரஷர் கிளினிக்கோடு சேர்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதே சீட்டு, அதே வரிசை, அதே மாத்திரைக் கவர். "பிரஷருக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வரலாம். யாருக்கும் எதுவும் தெரியாது.

தெரியாது என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த வரியில் இருக்கிற அக்கா பாசிக்குப் போகிறவர். கடலில் முங்கிப் பாசி எடுக்கிற பெண்களின் கையைப் பார்த்தாலே தெரியும். விரல்களில் துணி சுற்றிக் கட்டிய தடம், அதையும் தாண்டிப் பாறை கிழித்த கீறல்கள், உப்பில் ஊறி வெளுத்த நுனி. பிரஷர் 160/100. பட்டை கட்டியிருக்கும்போது பேசக் கூடாது, பேசினால் அளவு கூடும். அதனால் முதல் அளவுக்கும் இரண்டாவது அளவுக்கும் நடுவில் உள்ள நேரத்தில்தான் நான் இந்தக் கேள்விகளைக் கேட்பது வழக்கம். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து போயிருந்ததா. இரண்டுக்கும் "தினமும்" என்றார். அப்படியென்றால் ஒன்பது கேள்வித் தாளை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டர் பார்க்க வேண்டும்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப் போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. உள்ளதைச் சொல்கிறேன், எங்களில் பலர் அதை வேகமாக வாசித்துவிட்டு "அதெல்லாம் இல்லல்ல?" என்று நாங்களே பதிலும் சொல்லிவிடுவோம். வரிசை நீளமாக இருக்கும், பின்னால் பெஞ்சில் பத்துக் காது இருக்கும். அன்றைக்குக் கூட்டம் குறைவு. கட்டுப் போடும் அறை காலியாக இருந்தது. அங்கே கூட்டிக்கொண்டு போய் நிதானமாகக் கேட்டேன்.

"பாசிக்கு முங்குறப்ப, மேல வரணுமான்னு தோணும் சிஸ்டர். வந்துருவேன். தோணும், அவ்வளவுதான்."

"எப்பருந்துக்கா?"

"படகப் புடிச்சதுலருந்து."

வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போனவர். இலங்கைக் கடற்படை பிடித்து, அங்கே சிறையில் இருந்து திரும்பி வந்துவிட்டார். படகு திரும்பவில்லை. வேறு படகில் கூப்பிட்டாலும் போக மாட்டேன் என்கிறார், குடிக்கிறார். சிறைக் காலத்தில் வாங்கிய வட்டிக் கடன் அப்படியே நிற்கிறது. இதெல்லாம் எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு உள்ள கதை என்பதால் நான் ஆச்சரியப்படவில்லை. நான் தாளில் 3 என்று எழுதப் போனபோதுதான் அவர் என் கையைப் பார்த்தார்.

"இதெல்லாம் எழுதுவீங்களா?"

"எழுதணும்க்கா."

"அப்ப நான் சொல்லலன்னு வச்சுக்கங்க."

போலீஸுக்குப் போய்விடுமோ என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. 2017 மனநலச் சட்டம் வந்த பிறகு உயிரை விட முயன்றவரைக்கூட கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றுதான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. நீங்கள் மனசில் தோன்றியதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தேன். அவர் பாதியில் நிறுத்திவிட்டார். பயம் போலீஸ் மேல் இல்லை.

"மாத்திரை கொண்டாற புள்ள எங்க நாத்தனா மக. அவ கண்ணுல பட்டா பொழுது சாயிறதுக்குள்ள மாமியா வீட்டுக்குப் போயிரும். மகளுக்குப் பேசிக்கிட்டு இருக்கோம் சிஸ்டர். ஆத்தா ஏர்வாடி கேசுன்னு ஒரு சொல்லு போதும்."

வீட்டுக்கே மாத்திரை கொண்டு போய்க் கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து அதைப் பற்றி நான் பெருமையாகத்தான் பேசி வந்திருக்கிறேன். வாலண்டியர்கள் அந்தந்தப் பகுதி மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். எந்த வீட்டில் யாருக்குச் சுகர், யார் படுத்த படுக்கை என்று மனப்பாடம். கதவைத் தட்ட வேண்டியதுகூட இல்லை, நேராக அடுப்படிக்கே போய்விடுவார்கள். அதுதான் திட்டத்தின் பலம். ஊரில் எல்லாருக்கும் பிரஷருக்கான அம்லோடிபின் அட்டை தெரியும், சுகருக்கான மெட்பார்மின் அட்டை தெரியும். அதற்கு நடுவில் ஒரு கேப்சூல் அட்டை புதிதாக வந்தால், "இது எதுக்குத்தே?" என்று கேட்காமல் இருக்க அந்தப் பெண் என்ன கல்லா?

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் மறைத்துவிட்டதாகச் சிலர் நினைத்தார்கள். சிகிச்சை தருகிறவருக்கு எதையும் மறைக்கவில்லை. டாக்டர் அவரைத் தனியாகப் பார்த்தார், திட்டம் ஏதும் உண்டா, முன்பு எப்போதாவது முயன்றதுண்டா என்று விசாரித்தார். இல்லை. மனச்சோர்வுக்கான ப்ளுவோக்ஸெடின் 20 மில்லிகிராம் கேப்சூல் எழுதினார். பிரஷர் மாத்திரை மாதிரி இது உடனே தெரியாது, வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், நல்லா ஆயிருச்சு என்று நீங்களே நிறுத்தக் கூடாது, மனசு இன்னும் மோசமானால் அந்த நிமிஷமே வாருங்கள் என்று சொன்னார். 14416 என்ற மனநல உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்தோம். அக்காவிடம் போன் கிடையாது. கார்டில் இருந்தது வீட்டுக்காரர் எண்.

பதிவேட்டைத் திறந்ததும்தான் வாக்குவாதம். "பேர், ஊர் இல்லாம எழுதினா குழு எப்படித் தேடிப் போகும்?" என்றார் டாக்டர். "எழுதினா அந்தம்மா மாத்திரையே வாங்காது சார்" என்றேன். பார்மசிஸ்ட் ஸ்டாக் கணக்குக்கு ஓபி எண் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். கடைசியில் டாக்டர், "உங்க இஷ்டம், ஆனா ஃபாலோ அப் உங்க பொறுப்பு" என்றார். நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். பிரஷர் மாத்திரையையும் வீட்டு விநியோகத்திலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் வந்து என்னிடமே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு பார்த்தேன். அதே 2017 சட்டத்தில் நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 23-வது பிரிவு இருக்கிறது. சிகிச்சைக்காக மற்ற மருத்துவப் பணியாளர்களிடம் சொல்லலாம், உயிருக்கு ஆபத்து என்றால் அதைத் தடுக்கச் சொல்லலாம் என்று விலக்கும் இருக்கிறது. என் பக்கமும் பேசுகிறது, எதிர்ப்பக்கமும் பேசுகிறது. நாத்தனார் மகளைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் சில தடவை வந்தார். பாசி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி. தூக்கம் பரவாயில்லை என்றார். ஒரு தடவை மகள் கல்யாணப் பேச்சைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மருந்து வேலை செய்கிறது என்று எனக்குள் ஒரு மிதப்பு. அப்புறம் வரவில்லை.

இந்த இடத்தில்தான் நான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறேன். பிரஷர் கேஸ் வராமல் போனால் வாலண்டியரிடம் ஒரு வார்த்தை, "அத்தை வீட்ட எட்டிப் பாரு." மாலைக்குள் தகவல் வந்துவிடும். இங்கே யாரை அனுப்புவது? மூன்றாவது வீட்டில் இருக்கிற, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு முகம் சுளிக்காமல் பணிவிடை செய்கிற அந்தப் பெண்ணைத்தான் நான் வெளியே நிறுத்திவிட்டேன். அவள் வாயாடி என்று நான் பார்த்ததில்லை. எந்த வீட்டுச் சேதியையும் அவள் இன்னொரு வீட்டில் சொன்னதாகப் புகார் வந்ததும் இல்லை. அக்கா சொன்னதை வைத்துத்தான் நம்பினேன். ஒருவேளை அவளிடம் சொல்லியிருந்தால் அத்தையை அவள்தான் கண்ணில் வைத்துப் பார்த்திருப்பாளோ? இருக்கலாம். ஆனால் யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று அக்காவை விட எனக்கு அதிகம் தெரியும் என்று நான் எப்படி நினைத்துக்கொள்வது? அந்தக் குடும்பத்தில் வாழப் போகிறவர் அவர்.

போன் செய்தேன். வீட்டுக்காரர் எடுத்தார். சுகாதார நிலையத்திலிருந்து, பிரஷர் மாத்திரை விஷயமாக என்றேன். போன் கை மாறியது. பின்னால் டிவி சத்தமும் யாரோ பேசுவதும் கேட்டன.

"அக்கா, மாத்திரை தீர்ந்திருக்குமே, வரலையே?"

"பிரஷர் நல்லாருக்கு சிஸ்டர்."

"தூக்கம்?"

"எல்லாம் நல்லாருக்கு. வேலை கிடக்கு, வச்சிரவா?"

அவ்வளவுதான். குரலில் அழுகை இல்லை, அவசரம் இருந்தது. பக்கத்தில் ஆள் இருக்கிறது, பேச முடியாது என்று சொன்னாரா? இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று சொன்னாரா? உண்மையிலேயே நன்றாக இருந்தாரா? மூன்றுக்கும் அந்தப் பதில் பொருந்துகிறது. ஆமா, இல்லை என்று பதில் வருகிற மாதிரிக் கேட்டிருக்கலாம் என்று பின்னால் தோன்றியது. டெலிபோனில் ஒன்பது கேள்வித் தாளை வாசிக்கவா முடியும் என்றும் தோன்றியது.

கொஞ்ச நாள் கழித்து வாலண்டியர் ஆப்பில் அவர் பெயர் மறுபடி வந்தது, பிரஷர் மாத்திரை வீட்டிலேயே வாங்குகிறார் என்று. 140/90. கேப்சூலை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். பாசிக்குப் போகிறார் என்று அந்தப் பெண் பேச்சுவாக்கில் சொன்னாள். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை அந்த எண்ணைப் பார்க்கிறேன். பிரஷர் எண்ணில் மனசு தெரியாது என்று படித்தவள்தான் நான். மாத்திரை அட்டையை வாங்க அக்காவின் கை இன்னும் இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

தனியறை இல்லாமல் இந்தக் கேள்வியை அச்சடித்துக் கொடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது வெளியூர்க் கவுன்சிலர் ஒருவர் இங்கே உட்கார்ந்தால் பாதிச் சிக்கல் தீரும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தனியறை இருந்ததால்தானே அந்தப் பதில் வந்தது? பெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டிருந்தால் "அதெல்லாம் இல்ல" என்று சொல்லியிருப்பார், நானும் 0 போட்டிருப்பேன், அவர் பிரஷர் மாத்திரையோடு போயிருப்பார். இப்போதும் பிரஷர் மாத்திரையோடுதான் இருக்கிறார். வித்தியாசம், எனக்குத் தெரியும் என்பதும், எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும் என்பதும். அது அவருக்குத் துணையாக இருக்கிறதா, கூச்சமாக இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

சமீபத்தில் புதிதாகச் சேர்ந்த நர்ஸுகளுக்குப் பயிற்சி நடந்தபோது என்னைப் பேசச் சொன்னார்கள். "பேர், ஊர், போன் நம்பர், எல்லாத்தையும் முழுசா எழுதுங்க. எழுதலைன்னா பின்னாடி உங்களால தேட முடியாது" என்று அடித்துச் சொன்னேன். சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் எழுந்து, "மாத்திரை கொண்டு போறவங்க அவங்க சொந்தக்காரங்களா இருந்தா என்ன மேடம் பண்றது?" என்றாள். "அந்த மாதிரி கேஸுக்கு உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க" என்றேன். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.